திங்கட்கிழமைத் துணி

டல்சி துணி காயப்போடுகிறாள் என்பதை டக்கெட் துறையில் யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கப்பி கத்தும். கயிற்றை ஒரு முழம் தள்ளினால் ஒரு கத்தல், இன்னொரு முழம் தள்ளினால் இன்னொரு கத்தல். எதிர்க்கரை ஃப்ளோரி அடுப்படியில் நின்றபடியே, "ரெண்டு படுக்கைவிரிப்பு போட்டாச்சு, இனிமே துண்டு" என்று புருஷனிடம் சொல்லுவாள். அப்படிச் சொல்லத் தெரிந்ததில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் எங்கள் பக்கத்துக் கொடிக்கு இரண்டு கப்பி வேண்டும். வீட்டுப் பின்புற மரத்தளத்தில் ஒன்று, தூரத்தில் நட்ட கம்பத்தின் உச்சியில் ஒன்று. இரண்டையும் சுற்றிக் கயிறு ஒரே வளையமாக ஓடும். நின்ற இடத்தை விட்டு நகராமல் துணியைக் கிளிப்பு போட்டுப் போட்டுத் தள்ளிவிடலாம், காய்ந்ததும் இழுத்துக்கொள்ளலாம். டல்சி வீட்டுக் கம்பம் நின்றது கடலுக்குள் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையின் மேல். வீட்டுக்கும் பாறைக்கும் நடுவே, துணிகளுக்கு நேர் கீழே, வெறும் தண்ணீர். காற்றுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் அந்த உப்புக் காற்றில் எந்தக் கப்பியும் இரண்டு கோடை தாங்கியது கிடையாது.

கொடியை வைத்துத்தான் எங்கள் ஊரில் பெண்பிள்ளையை எடைபோடுவார்கள். வெள்ளை வெள்ளையோடு இருக்க வேண்டும், உள்ளாடை நடுவில் மறைவாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலையிலேயே எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். டல்சி இதில் ஒன்றிலும் குறை வைத்ததில்லை. நண்டு ஆலையில் நாள் முழுக்க ஈர சிமெண்டுத் தரையில் நின்று வேலை செய்கிறவள், திங்கட்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் போகிற முறையைக் கேட்டு வாங்கியிருந்தாள், கொடிக்காக. அப்படிப்பட்டவளின் வெள்ளை விரிப்பில் பழுப்புத் துருக்கோடு விழுந்தால் எப்படி இருக்கும்? வயிறு எரியாதா?

டல்சி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொடிக்கம்பத்தைத் தொடவே ஆளில்லை. மாமியார் செலீனா துணிகளை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயவைத்தாள். வீடு முழுக்க ஈர நாற்றம். புது மருமகள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வெளிய அவ்வளவு பெரிய கம்பம் நிக்குதே அத்தை. அதுல போட்டா என்ன?"

"அந்தக் கொடி வேணாம்" என்றாள் செலீனா. அதோடு எழுந்து போய்விட்டாள்.

காரணம் டல்சிக்குத் தெரியும். விரிகுடாவின் அந்தப் பக்கத்து ஊரில், அவள் பிறந்த வீட்டில், கல்யாணப் பேச்சு எடுத்தபோதே காதில் போட்டுவிட்டார்கள். "அந்த வீட்டுக்கா போற? மாமியார்க்காரி புருஷனையே அலசி விட்டவளாச்சே!"

ஆண் கடலுக்குப் புறப்படுகிற நாளில் அவன் துணியைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அவனையே தண்ணீரில் அலசி விட்ட மாதிரி. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சோறு எந்தக் கையால் தின்பது என்பதுபோலத் தெரியும். செலீனாவின் புருஷன் எலாய் ஒரு இலையுதிர்காலக் காலையில் வலைக்குப் போனான், படகு திரும்பவில்லை. அவன் போனபோது அவனுடைய சட்டைகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தேவாலயத்தில் அவள் உட்காரும் பலகையில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். டல்சியின் புருஷன் கார்லண்ட் அப்போது கைக்குழந்தை. டல்சியும் அந்தக் கதையை நம்பித்தான் அந்த வீட்டுப் படி ஏறினாள், இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டுதான் மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஈர நாற்றம் ஒரு குளிர்காலம்தான் தாங்கியது. மறு வசந்தத்தில் கார்லண்டை நச்சரித்துக் கம்பத்தில் ஒரு புதுக் கப்பி மாட்டவைத்தாள். அங்கே பிடித்தது சனியன்.

முதல் கப்பி தகரம், மேலே பச்சை வர்ணம். கோடை முடிவதற்குள் வர்ணம் உரிந்து, துரு கயிற்றில் ஏறி, கயிற்றிலிருந்து விரிப்பில் ஏறியது. அடுத்தது பிளாஸ்டிக் சக்கரம். முதல் உறைபனியில் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் போனது. அதற்கடுத்ததில் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது, சக்கரத்துக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் எமன். காற்று தூக்கியடித்தால் கயிறு சக்கரத்தை விட்டு எகிறி அந்தச் சந்தில் போய்ச் செருகிக்கொள்ளும். அப்புறம் யானை வந்து இழுத்தாலும் நகராது.

டவுனில் இருந்த இரும்புக் கடைக்கு டல்சி எத்தனை தடவை போயிருப்பாள் என்று அந்தக் கடைக்காரன் ரெக்ஸுக்கே தெரியாது. ஒரு தடவை அவன் அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினான். "இது ஆயுசுக்கும் உழைக்கும் அக்கா. உத்தரவாதமே போட்டிருக்கான் பாருங்க."

அடுத்த வருஷம் அதே பெட்டியில், அதே கப்பியின் துண்டுகளைக் கொண்டுவந்து அவன் மேஜையில் கொட்டினாள்.

"யாரோட ஆயுசுக்கும்னு சொன்னே தம்பி? ஈசலோட ஆயுசுக்கா?"

"உப்புக் காத்துல வெச்சா அவங்க பொறுப்பில்லையாம் அக்கா."

"அப்ப இதை எங்க வெக்கணும்? என் அலமாரியிலயா? இந்தத் தீவுல உப்புக் காத்து இல்லாத இடம் ஒண்ணு காட்டு, அங்க போய்க் குடித்தனம் பண்றேன்."

ரெக்ஸ் பணத்தைத் திருப்பித் தரவில்லை. துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றைக் காட்டினான். எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். ஆல்பர்ட்டாவில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில், "ஒரு மிஷின் வாங்கி அனுப்பறேன்மா, சனியனை விட்டுத் தொலையேன்" என்றாள். ஒரு கப்பி, உள்ளங்கை அகலச் சக்கரம், நேராகச் சுற்றினால் போதும், அதைச் செய்ய உலகத்தில் ஒருவருக்கும் வக்கில்லை, ஆளுயர இயந்திரத்தை மட்டும் ஆளாளுக்கு நீட்டுகிறார்களே என்று டல்சிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மகன் தன் பங்குக்குத் தபாலில் ஒரு கப்பி அனுப்பினான். கரிய இரும்பில், பக்கத்தில் ஒரு சேவல் உருவம் வைத்து, பார்க்க அத்தனை அழகு. மாட்டிய வாரத்திலேயே வளைந்தது. பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது பூந்தொட்டி தொங்கவிடுகிற சாமான். இப்போது அது வாசலில் தொங்குகிறது. தொட்டி இல்லை, சேவல் மட்டும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. டல்சியின் உண்மையான எரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. அது கார்லண்டின் படகில் இருந்தது.

அந்தப் படகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கப்பியும் பித்தளைச் சக்கரம், துருப்பிடிக்காத எஃகுத் தகடு, மசகு போட்டுத் துடைத்து, விரலால் சுண்டினால் நிற்காமல் சுற்றும். நண்டுக் கூண்டுகளைத் தூக்குகிற கப்பிக்கு உபரியாக வேறு ஒன்று, எண்ணெய்த்துணியில் சுற்றி, பெட்டிக்குள்ளே, குழந்தையைப் படுக்கவைத்தது போல. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"நண்டுக் கூண்டுக்குப் பித்தளை, என் விரிப்புக்குத் தகரமா?"

கார்லண்ட் சிரித்தான். கெட்டவன் இல்லை அவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மாமியார் மருமகள் சண்டையில் தலையிட மாட்டான். எதிலுமே தலையிட மாட்டான். "படகுச் சாமான் படகோட இருக்கணும் புள்ள. கரைக்கு இறக்கினா ராசி போயிடும்."

"உன் ராசி என் தோள்பட்டை மேலதான் உக்காந்திருக்கு! கயிறை இழுத்து இழுத்துக் கை தூக்க முடியல எனக்கு."

"அடுத்த வாரம் பாக்கறேன்."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு வருஷம் அவளே ஏணியைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனாள். பாறை மேல் பாசி. ஏணி வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் உட்கார்ந்திருந்தபோது கார்லண்ட் உண்மையிலேயே கலங்கிப்போனான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அவள் அப்போது அழுததை வலியால் அழுகிறாள் என்றே நினைத்துக்கொண்டான்.

அப்படியே முப்பது வருஷம் ஓடியது. இப்படி இருக்கையில்தான் நண்டுப் பருவம் செவ்வாய்க்கிழமை திறப்பதாக அந்த ஏப்ரலில் அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை டல்சி கார்லண்டின் துணிகளை எல்லாம் துவைத்தாள். மறுநாள் தொடவே கூடாது என்பதால் ஒன்று விடவில்லை. காலை வெயில் நன்றாக இருந்தது. பருவத்துக்காக ஆலையைக் கழுவித் தயார்செய்யப் போனவள் திரும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. இழுத்து எடுக்கப் போனாள். கம்பளிக் காலுறை வந்தது, பனியன் வந்தது, முக்கால்வாசி வந்ததும் கயிறு நின்றுவிட்டது. அந்தக் கோடியில், தண்ணீருக்கு மேல், ஒரு கட்டம் போட்ட சட்டையும் ஒரு நீளக் கம்பளி உள்காற்சட்டையும் மாட்டிக்கொண்டன. இழுத்தாள், தள்ளினாள், உலுக்கினாள். கம்பத்து உச்சியில் கப்பி ஒருமுறை முனகியதோடு சரி.

உள்ளே கார்லண்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை எங்கள் எல்லா வீட்டிலும் ஒரே சாப்பாடுதான், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் உப்பு மாட்டிறைச்சியையும் சேர்த்துக் கிளறி வறுத்தது.

"கொடி மாட்டிக்கிச்சு" என்றாள். "உன் சட்டையும் கால்சட்டையும் கோடியில நிக்குது. நாளைக்கு நீ போற. இன்னைக்கே எடுத்தாகணும்."

"இந்த மூட்டத்துல பாறை எங்க தெரியப்போவுது? காலையில பாத்துக்கறேன்."

"மறந்துடுவே."

"மறக்க மாட்டேன் புள்ள."

மறந்தான். டல்சி கண் விழித்தபோது அவன் பையைத் தூக்கிக்கொண்டு போயாகிவிட்டது. பின்கதவைத் திறந்தாள். மூடுபனி விலகி, வானம் வெளுத்து, துறை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. கோடியில் அவன் சட்டை கைகளை விரித்துக்கொண்டு, உறைந்து பலகையாக நின்றது. பக்கத்தில் இரண்டு கால்கள். எந்தப் படகிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அவள் முதுகுக்குப் பின்னால் செலீனா வந்து நின்றாள். இந்தத் தளத்துக்கு அவள் வந்து டல்சி பார்த்ததே இல்லை.

"திங்கக்கிழமைத் துணின்னு சொல்லு" என்றாள். "போய்ச் சொல்லு அவங்ககிட்ட. திங்கக்கிழமை போட்டதுன்னு."

"அதுவா இப்ப முக்கியம் அத்தை?"

"அதைத்தான் சொல்லணும். உடனே சொல்லணும்."

டல்சிக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. கார்லண்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. மறுபாதியை அவள் வெட்கப்படாமல் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: அப்படி ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஊர் என்னை விடாது. இந்தக் கிழவியை வைத்த இடத்தில் என்னையும் வைக்கும். நான் சாகிறவரை பலகையில் தள்ளி உட்காருவார்கள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

அவளுக்கு முன்பே சேதி போயிருந்தது. கார்லண்டின் படகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் படகில் அவனைத் தவிர ஆளில்லை. அவனோடு போகிற சிரிலும் ஆம்ப்ரோஸும் கரையேறி, கயிறு கட்டும் முளைகளின் மேல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றான் சிரில். "எனக்கு அதெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா வீட்டுல மாசமா இருக்கா. அந்தக் கால்சட்டை உள்ள போற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"எனக்கும் நம்பிக்கை கிடையாது" என்று ஆம்ப்ரோஸ் தலையாட்டினான். "நானும் ஏற மாட்டேன்."

"போய் எடுத்துட்டு வா கார்லண்ட்!" என்று டல்சி கத்தினாள். "நேத்தே சொன்னேன்ல? சோத்துத் தட்டு முன்னாடி வெச்சுச் சொன்னேன்ல?"

கார்லண்ட் அசையவில்லை. "கடலுக்குன்னு வாசப்படி தாண்டியாச்சு. இனிமே திரும்பி வீட்டுக்குள்ள காலை வெக்க மாட்டேன். அதைவிடக் கெட்டது வேற இல்ல, உனக்கே தெரியும்."

"கயித்தை அறுத்து விட்டுடேன்" என்றான் ஃப்ளோரியின் புருஷன், பக்கத்துப் படகிலிருந்து, தனக்கென்ன என்று.

"அறுத்தா எங்க விழும்?" டல்சி அவன் பக்கம் திரும்பினாள். "கண்ணு தெரியுதா உனக்கு? கீழ என்ன இருக்கு? என் புருஷன் சட்டையும் கால்சட்டையும் நேரா கடல்ல போய் விழணுமா? அவன் புறப்படுற நேரத்துல? நல்ல யோசனை! உன் பொண்டாட்டிக்குச் சொல்லிக்குடு அதை!"

ஃப்ளோரியின் புருஷன் மெதுவாகத் தன் படகைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னாலேயே ஒவ்வொரு படகாகத் துறையின் வாயைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று. முதலில் போகிறவனுக்கே கூண்டு இறக்க நல்ல இடம். கார்லண்ட் போகிற படகுகளைப் பார்த்தான், முளை மேல் உட்கார்ந்திருந்த இரண்டு தலைகளைப் பார்த்தான், பாறை மேலே ஆடாமல் நின்ற தன் சட்டையைப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான்.

பிறகு படகின் பெட்டியைத் திறந்தான். எண்ணெய்த்துணியைப் பிரித்தான்.

அந்த உபரிக் கப்பி. பித்தளைச் சக்கரம், பக்கவாட்டில் திறந்து கயிற்றைப் போட்டு மூடுகிற மாதிரி. அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, துடுப்புப் படகில் இறங்கி, வீட்டு எல்லையைத் தொடாமல் கடல்வழியாகவே பாறைக்கு வலித்துப் போனான். கம்பத்தில் அறைந்திருந்த ஆணிகளில் கால் வைத்து ஏறினான். பழைய கப்பி அவன் கை பட்டதுமே துருத்தூளாக உதிர்ந்தது. கயிற்றைத் தோளில் தாங்கிப் பிடித்தபோது துணிகள் சரிந்து தண்ணீரைத் தொடப் பார்த்தன. துறையில் சிரில் எழுந்து நின்றுவிட்டான். டல்சி அதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து தளத்தில் நின்று கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார்லண்ட் புதுக் கப்பியைக் கொளுவினான், திறந்தான், கயிற்றைப் போட்டான், மூடினான்.

"இழு!"

இழுத்தாள். சத்தமே இல்லை. வெண்ணெய்யில் கத்தி போவது போலக் கயிறு வந்தது. சட்டை வந்தது, கால்சட்டை வந்தது. இரண்டு விரலால் இழுத்தால் போதுமாக இருந்தது. தோளில் வலியே தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கார்லண்ட் இறங்கி, பாதித் தூரம் வலித்துப் போய்விட்டான். கையை மட்டும் ஒருமுறை உயர்த்திக் காட்டினான். ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

டல்சி அந்தத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு தேநீர் குடிக்கிற நேரம்! முப்பது வருஷமாகக் கெஞ்சினாள். தோள் போச்சு, மணிக்கட்டு போச்சு, விரிப்புகள் போச்சு. அப்போதெல்லாம் படகுச் சாமான் கரைக்கு இறங்கவில்லை. சிரில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்தான், உடனே இறங்கிவிட்டது.

அன்று முழுக்க எந்தத் துணியையும் துவைத்துப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, அவன் புறப்பட்ட நாள். ஆசைப்பட்ட கப்பி தலைக்கு மேலே பளபளவென்று தொங்க, வெறும் கயிற்றைச் சும்மா இழுத்துச் சுற்றவிட்டுப் பார்த்தாள். ஃப்ளோரி எதிர்க்கரையிலிருந்து சுற்றி நடந்தே வந்துவிட்டாள்.

"அடியம்மா, படகுக் கப்பியையே கழட்டிக் குடுத்துட்டானாமே! குடுத்து வெச்சவ நீ. என் வீட்டுல ஒண்ணு இருக்கே, ஆணி அடின்னா சுத்தியலைத் தேடியே சாயங்காலம் ஆக்கிடும்."

"ஆமாமா" என்றாள் டல்சி. "குடுத்து வெச்சவதான்."

செலீனா அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தக் கட்டம் போட்ட சட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உருகவிட்டு, காயவிட்டு, மடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தாள். டல்சி ஒருமுறை வாங்கி மடிக்கப் போனபோது விடவில்லை.

சாயங்காலம் வானொலிப் பெட்டியை எல்லா வீட்டு ஜன்னலோரத்திலும் திருகி வைப்பார்கள். படகுகள் ஒன்றோடொன்று பேசும், வீடுகளோடு பேசும், பேசாதவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். எங்களுக்கு அதில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படகாக நலம் சொல்லிக்கொண்டு வந்தது. கடைசியில் கார்லண்டின் குரல் கரகரத்தது. காற்று அடக்கமாக இருக்கிறது, கூண்டெல்லாம் இறக்கியாயிற்று, இடம் அவ்வளவு மோசமில்லை என்றான். டல்சியின் மூச்சு அப்போதுதான் சீரானது. உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான். அது தெரிந்த பிறகு அவளுக்குக் கோபப்பட இடம் கிடைத்தது.

"அப்புறம் புள்ள," என்றான் அவன். சிரிப்பு அந்தக் கரகரப்பிலும் தெரிந்தது. ஊரே கேட்கிறது என்று தெரிந்துதான் கேட்டான். "கப்பி எப்படி ஓடுது?"

டல்சி பேச்சுக்கருவியை வாயருகே கொண்டுபோனாள். "நல்லா ஓடுது கார்லண்ட். நமக்குக் கல்யாணம் ஆன வருஷம் மாட்டியிருந்தாலும் இதே மாதிரி நல்லாத்தான் ஓடியிருக்கும்."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"முப்பது வருஷமா நான் கேட்டேன்" என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்காக நீ அந்தப் படகுக் கப்பியை இறக்கல. சிரிலுக்காக இறக்கினே. சிரிலுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

டல்சி கருவியைக் கீழே வைக்கப் போனாள்.

"இங்க குடு அதை" என்றாள் செலீனா.

எலாய் போன நாளிலிருந்து அந்தப் பெட்டியைத் தொடாதவள் எழுந்து வந்திருந்தாள். எதை அமுக்குவது என்றுகூடத் தெரியவில்லை. டல்சி அவள் விரலைப் பிடித்துப் பொத்தானின் மேல் வைத்தாள்.

"செலீனா பேசறேன்" என்றாள் கிழவி. "எல்லாரும் கேக்கறீங்கல்ல? எலாய் போன அன்னைக்கு நான் துவைக்கல. அது திங்கக்கிழமைத் துணி. கப்பி மாட்டிக்கிச்சு. எடுத்துத் தான்னு அவர்கிட்ட ராத்திரியே சொன்னேன். காலையில பாக்கறேன்னார்." மூச்சு வாங்கினாள். "திங்கக்கிழமைத் துணி அது. நான் துவைக்கல."

விரலை எடுத்தாள். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. யாரோ, எந்தப் படகோ, "கேட்டுச்சும்மா" என்றார்கள். அப்புறம் இன்னொரு படகு, "கேட்டுச்சு." கடைசியாகக் கார்லண்டின் குரல், சிரிப்பில்லாமல், "கேட்டுச்சும்மா."

டல்சியால் மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேநீரை ஊற்றி, இரண்டு கோப்பைகளையும் பின்தளத்துக்கு எடுத்துப் போனாள். செலீனா சட்டையை மடியில் வைத்தபடி கப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என் துணியையும் அதுல போடு" என்றாள்.